சாவதற்கு அவசரப்படாத கர்ணன்

கூத்தைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு சொல் தவறாமல் விடுபட்டுப் போகிறது. சந்தோஷம் என்ற சொல். மரபு இருக்கிறது, வேர் இருக்கிறது, சடங்கு இருக்கிறது, தொன்மம் இருக்கிறது, சமீப வருஷங்களாக உடல்மொழியும் வந்து சேர்ந்திருக்கிறது. இரவு முழுக்க மண்ணில் உட்கார்ந்து கூத்துப் பார்த்தவன் அதில் சந்தோஷப்பட்டானா, எந்த இடத்தில் சந்தோஷப்பட்டான், எந்த இடத்தில் அலுத்துப்போய் பீடி பற்றவைக்க எழுந்துபோனான் என்பதை யாரும் எழுதுவதில்லை. சபா நாடகத்தைப் பற்றி எழுதுகிறவன்கூட சிரிப்பு வந்ததா இல்லையா என்று சொல்லிவிடுகிறான். கூத்து என்றதும் நம் முகங்களில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த மரியாதையில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இது வந்த வழி நீளமானது. 1891ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறலாம் என்பதை நிலைநாட்ட வேண்டியிருந்தது. அதற்குக் ‘கூத்தாடி’ என்ற வசையிலிருந்து விலகி நின்றாக வேண்டும். சபை என்ற அமைப்பே அந்த விலகலின் பெயர்தான். வக்கீல்களும் நீதிபதியும் நடித்தார்கள், கௌரவம் கிடைத்தது. கௌரவத்துக்குக் கொடுத்த விலை, செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு கிராமங்களில் அதே வருஷங்களில் ராத்திரி ராத்திரியாக நடந்துகொண்டிருந்த ஒன்றை நாடகம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டது. கணக்கில் விட்டுப்போனதை எண்பது தொண்ணூறு வருஷங்கள் கழித்து ந. முத்துசாமி போன்றவர்கள் திரும்ப எழுதினார்கள். 1977ல் கூத்துப்பட்டறை வந்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் நகரத்து நடிகர்களுக்கு வாத்தியாரானார். ‘அன்று பூட்டிய வண்டி’ கட்டுரைகளை இன்று படித்தாலும், ஒரு மனிதன் தன் ஊர்க்காரர்களிடம் ‘இது உங்கள் கண்முன்னால் இருந்தது, பார்க்கவில்லையே’ என்று பதறுவது கேட்கிறது. அந்தப் பதற்றம் உண்மையானது. ஆனால் முத்துசாமிக்கு இருந்தது பரவசம்; அவருக்குப் பின்னால் வந்த நாம் பரவசத்தை விட்டுவிட்டு முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பார்க்காமலேயே மதிக்கக் கற்றுக்கொண்டோம்.

நான் மயிலாப்பூரில் குடியிருந்து தியாகராய நகரில் வங்கி வேலை பார்க்கிறவன். ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், ரசிக ரஞ்சனி சபா, வாணி மஹால் மூன்றும் என் நடமாட்டத்தின் எல்லைக்குள் இருப்பவை. சபா நாடகம் எப்படி நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். மேடையில் ஒரு சோபா, ஒரு கதவு, மேலிருந்து தொங்கும் மைக்குகள். நடிகர் மைக்குக்குக் கீழே வந்து நின்று வசனத்தைச் சொல்கிறார். சிரிப்புக்காக இரண்டு விநாடி காத்திருக்கிறார். சிரித்து முடித்ததும் அடுத்தவர் வருகிறார். அந்த இரண்டு விநாடியில்தான் சபா நாடகத்தின் இலக்கணம் முழுவதும் இருக்கிறது. பார்வையாளனிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள், எப்போது எதிர்பார்க்கிறார்கள் என்பது முன்பே தீர்மானமாகிவிட்டது. அவன் தன் பங்கைச் செலுத்திவிட்டு ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். இதைக் கேவலம் என்று நான் சொல்லவில்லை. தெளிவான ஒப்பந்தம். கூத்தில் இந்த ஒப்பந்தம் எப்படி இருக்கிறது என்பதுதான் நான் பேச விரும்புவது.

வட தமிழ்நாட்டில், பங்குனியிலிருந்து ஆடி வரை, திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை வாசித்துப் பொருள் சொல்கிறார். பகலில் சொன்ன கதை இரவில் கூத்தாக வருகிறது. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துயில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். கடைசி நாள் காலையில் படுகளம்: கோயில் வெளியில் மண்ணால் மல்லாந்து கிடக்கும் பிரம்மாண்டமான துரியோதனன், அவன்மேல் ஏறி ஓடும் பீமன், விரித்த கூந்தலை முடிக்கும் திரௌபதி. மாலையில் தீமிதி. இதில் எதுவரை சடங்கு, எங்கிருந்து நாடகம் என்று கோடு போட முயன்றவர்கள் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். ஊர்க்காரனுக்கு அந்தக் கோடு தேவைப்படவில்லை. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறிப் பாடும்போது அவன் நடிகன். மேலிருந்து அவன் எறியும் எலுமிச்சம்பழத்துக்கு மடியேந்தி நிற்கும் பெண்ணுக்குக் கையில் விழுவது பிரசாதம். நடிகன் சுருதி தப்பிப் பாடினான் என்று அதே பெண் மறுநாள் சொல்லவும் சொல்வாள். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொள்ள அவளுக்குச் சிரமம் எதுவும் இல்லை.

வந்தவாசிப் பக்கத்து ஊரொன்றில் கர்ண மோட்சம் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு கிழவி எழுந்து உட்கார்ந்தாள். கர்ணன் சண்டைக்குக் கிளம்பிவிட்டிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: “போன வருசம் வந்த கர்ணன் விடியற மட்டும் சாவல. இவுரு சாவறதுக்கு அவசரப்படறாரு.”

இதைவிடத் துல்லியமான நாடக விமர்சனத்தை நான் அச்சில் படித்ததில்லை. கர்ணன் சாகப்போகிறான் என்பது அவளுக்கும் தெரியும், அங்கிருந்த குழந்தைகளுக்கும் தெரியும். எப்போது, எவ்வளவு கஷ்டப்பட்டு, எதையெல்லாம் கையிலிருந்து உதிர்த்துவிட்டு என்பதுதான் கூத்து. கர்ண மோட்சத்தின் உச்சம் போர்க்களத்தில் இல்லை. அது பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடத்தில் இருக்கிறது. தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று இத்தனை காலம் அவனை இழிவாகப் பார்த்த மனைவி அவள். அவளிடம் அவன் தன் பிறப்பைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவள் அவனைப் போக விடக்கூடாது. அவன் போயாக வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க அவர்கள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டு, வசனம், மறுபடி பாட்டு, பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கித் திரும்பப் பாடுவது, முகவீணை அதைத் தூக்கிக்கொண்டு மேலே போவது, குறுக்கே கட்டியக்காரனின் கேலி. கர்ணன் கிளம்புகிறான், திரும்புகிறான், பெஞ்சின்மேல் உட்கார்கிறான், மறுபடி கிளம்புகிறான். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடி பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் ஒவ்வொரு கிறுகிறுப்பிலும் வெளிச்சத்தை வாரி இறைக்கின்றன. திரும்பத் திரும்ப வருவதால் அலுப்பு வருகிறது; அலுப்புக்குப் பின்னால் வேறொன்று வருகிறது. பிறப்பு என்ற ஒற்றை விஷயத்துக்காக ஒரு ஆண் தன் வாழ்நாள் முழுதும் பட்ட அவமானம், எந்தத் தெருவில் களரி போடுவது, யார் எங்கே உட்காருவது என்பதெல்லாம் பிறப்பை வைத்தே பழகிப்போன ஒரு ஊரின் நடுவில், ராத்திரி இரண்டு மணிக்கு, எல்லோர் காதிலும் விழுகிறது. யாரும் எதுவும் பேசுவதில்லை. மறுநாள் ஊர் மாறிவிடுவதும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அது அங்கே நின்றது. அவசரப்படும் கர்ணனிடம் இது நிகழாது. கிழவிக்கு இது தெரிந்திருந்தது.

நம் விமர்சகர்கள் இந்த இடத்தில் பிரெக்டை அழைத்து வருவார்கள். கட்டியக்காரன் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வருகிறான், வேஷக்காரன் தன்னைத்தானே படர்க்கையில் அறிமுகப்படுத்திக்கொள்கிறான், ஆகவே தூரப்படுத்தல் என்பார்கள். பிரெக்ட் 1935ல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைப் பார்த்தார். அந்த அனுபவத்தையொட்டித் தன் கொள்கையை எழுதினார். ஆர்த்தோ 1931ல் பாரிஸில் காலனியக் கண்காட்சிக்கு வந்த பாலித் தீவுக் கலைஞர்களைப் பார்த்தார். வேறொரு கொள்கையை எழுதினார். இருவரும் பார்த்தது ஊரைவிட்டு வெளியே வந்த நிகழ்ச்சியை. அந்தந்த ஊர் ஜனங்கள் அதைப் பார்த்து எப்படிச் சிரித்தார்கள், எங்கே தூங்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. தங்கள் நாடகத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், அது படைப்பாளியின் உரிமை. ஆனால் செய்யாற்றுக்குப் பஸ் இருக்கும்போது, மாஸ்கோவில் கிடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்யாற்றைப் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு என்ன?

அந்தக் கண்ணாடியில் தெரியாத காட்சி ஒன்றைச் சொல்கிறேன். துயில் நடக்கும் இரவில், சில ஊர்களில், துச்சாதனன் வேஷக்காரன் திரௌபதியின் புடவையைத் தொடுவதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, செய்யப்போவதற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறான். இது வேஷத்திலிருந்து நடிகன் வெளியே வருவது. தூரப்படுத்தல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவன் வெளியே வருவது, உள்ளே நடக்கப்போவது நிஜம் என்பதால். அடுத்த கணம் ஆவேசம் வந்து அவனைப் பிடிக்கக்கூடும். கூட்டத்தில் யாருக்காவது சாமி வரக்கூடும். விபூதியோடு ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். பார்வையாளன் தன்னை இழந்துவிடக் கூடாது என்பதற்காகத் தூரத்தை வேண்டினார் பிரெக்ட். இங்கே தூரமும் தன்னை இழப்பதும் பக்கத்துப் பக்கத்து அறைகள். நடுவில் கதவு கிடையாது. கட்டியக்காரனின் கொச்சைக்குச் சிரித்த வாய் மூடுவதற்குள் திரௌபதியின் விருத்தம் ஆரம்பிக்கிறது. இந்த அனுபவத்துக்கு நமக்கு ஒரு சொல் வேண்டும். இன்னும் கிடைக்கவில்லை. பிரெக்ட் என்று சொல்லிவிட்டால் தேடவேண்டிய அவசியம் போய்விடுகிறது. அதுதான் என் புகார்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தியேட்டரில் தூங்குவது நம் கணக்கில் அவமதிப்பு. கூத்தில் கூட்டத்தின் பாதி எப்போதும் தூங்குகிறது. ஆனால் யார் எப்போது எழுந்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். திரைக்குப் பின்னால் முக்கிய வேஷம் வந்து நிற்கும்போது, இரண்டு பேர் பிடித்த துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும்போது, மிருதங்கத்தின் நடை மாறும்போது, தூங்கியவர்கள் தாமாக எழுந்து உட்கார்கிறார்கள். குழந்தையைத் தட்டி எழுப்புகிறார்கள். காது விழித்திருந்திருக்கிறது. பாதித் தூக்கத்தில் கேட்ட பாட்டும் கனவும் கலந்த நிலையில் விழித்துப் பார்க்கிறவனுக்கு எதிரே பச்சையும் சிவப்புமாக முகம் எழுதிய ஒரு உருவம் சுழல்கிறது என்றால், அவன் பார்ப்பதும், பிடரி நேராக வைத்துக் குளிர்சாதன அறையில் நான் பார்ப்பதும் ஒன்றாக இருக்க முடியாது. எட்டு மணி நேரம் என்ற நீளம் கதைக்காக மட்டும் வந்ததில்லை. பார்ப்பவனை அந்த நிலைக்குக் கொண்டுபோக அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது.

இந்த ராத்திரி விழிப்பு மயிலாப்பூருக்கு அந்நியமானதும் அல்ல. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் பாகவத மேளா நடக்கிறது. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகங்கள். அங்கும் ஆண்களே பெண் வேஷம் போடுகிறார்கள். அங்கும் ராத்திரி நீள்கிறது. பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் முகமூடி பூஜைக்குரியது, அதை அணிகிறவர் விரதம் இருக்கிறார், ஆவேசம் வரும் என்பதால் அவரைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து குடும்பமாகக் கார் எடுத்துக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும். ஈ. கிருஷ்ணய்யர் அதற்காகப் பாடுபட்டார். ருக்மிணி தேவி பாகவத மேளா நாடகங்கள் சிலவற்றைக் கலாக்ஷேத்திராவில் மேடையேற்றினார். யாரும் அதை நாட்டுப்புறக் கலை என்று சொல்வதில்லை. அமைப்பில் இத்தனை ஒற்றுமை உள்ள இரண்டில் ஒன்று சம்பிரதாயமாகவும் மற்றது நாட்டுப்புறமாகவும் ஆனதற்குக் கலை சார்ந்த காரணம் ஒன்றை யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். சாதி சார்ந்த காரணம் எனக்கே தெரியும். மெலட்டூருக்குப் போகிறவர்கள் சந்தோஷப்படப் போகிறார்கள். அது அவர்கள் வீடு. கூத்துக்குப் போகிறவர்கள் ஆராயப் போகிறார்கள்.

பெயரிலேயே இந்தச் சண்டை இருக்கிறது. தெருக்கூத்து என்ற சொல்லில் ‘தெரு’ ஏளனமாக ஒலிக்கிறது என்பதால், கட்டைக்கூத்து என்ற பெயரை முன்வைத்தவர்கள் உண்டு. காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புரூயினும் 1990ல் தொடங்கிய சங்கம் அந்தப் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. புரிசைக்காரர்கள் தெருக்கூத்து என்ற பெயரை விடவில்லை. இரண்டு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. ஆடுகிறவன் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறானோ அப்படி அழைப்பதுதான் மரியாதை. நடுவில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சங்கத்தின் குருகுலத்தில் பெண் குழந்தைகளும் கட்டை கட்டி ஆடக் கற்றார்கள் என்பது எந்தப் பெயர் விவாதத்தையும்விடப் பெரிய விஷயம். அம்மன் கோயில் வாசலில் அம்மன் வேஷத்தை ஆணே போட வேண்டும் என்ற வழக்கத்தைக் கட்டுரை எழுதி யாரும் அசைத்ததில்லை. ஆடித்தான் அசைத்திருக்கிறார்கள்.

மரியாதையை விட்டுவிட்டால் குறைகளையும் சொல்ல முடியும். நான் பார்த்த இரவுகளில் பாதி மோசமானவை. கூம்பு ஒலிபெருக்கி முகவீணையைத் தகரமாக்கிவிடுகிறது. குழல் விளக்கின் வெள்ளை, அரிதாரத்தின் சிவப்பைக் கொன்றுவிடுகிறது; பெட்ரோமாக்ஸின் மஞ்சளுக்காக உண்டான வர்ணங்கள் அவை. கட்டியக்காரனின் கேலி பல சமயம் பெண்களையும் தன்னைவிடக் கீழே இருப்பவனையும் தேடிப்போகிறது. அதிகாரத்தைப் பரிகசிக்கிறான் என்று நாம் எழுதுவது அவன் நல்ல நாளில் செய்வதைப் பற்றி மட்டும். சினிமா மெட்டுகள் வருகின்றன. அவை வரக்கூடாது என்பதில்லை. கூத்து எப்போதும் கிடைத்ததை எடுத்துக்கொண்ட கலைதான். ஆனால் மெட்டு சொற்களை விழுங்கிவிடும்போது பின்பாட்டுக்காரன் வெறும் கூச்சலாகிறான். இவற்றை வேஷக்காரர்களிடமே சொல்லியிருக்கிறேன். கோபப்படவில்லை. “நீங்க சொல்றது சரிதாங்க சார், ஆனா மைக்செட்டு ஊர்க்காரங்களோடதுங்க” என்றார் ஒரு வாத்தியார். நம் கட்டுரைகளுக்கு அவர்களிடமிருந்து எதிர்வினை வராததற்குக் காரணம், அவற்றில் அவர்கள் பதில் சொல்லத்தக்க எதையும் நாம் சொல்வதில்லை என்பதுதான்.

இப்போது கர்ணன் ஏன் அவசரப்பட்டான் என்பதற்கு வருகிறேன். அந்த நடிகர் திறமையில்லாதவர் அல்ல. காலையில் டீக்கடையில் விசாரித்தபோது தெரிந்தது: நாலு மணிக்குள் முடித்துவிடும்படி ஊரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வருகிறது. அந்த வட்டாரத்தில் தொழிற்பேட்டை வந்து, முன்பு விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையில் சும்மா இருந்த மாதங்களில் விழித்திருந்த ஜனங்கள், இப்போது ஷிப்டுக்குப் போகிறார்கள். பெண்கள் அதிகம் போகிறார்கள். பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய கூலி இல்லை. கூத்து அழிவதற்கு டெலிவிஷன் காரணம், சினிமா காரணம், ரசனை கெட்டுப்போனது காரணம் என்று எழுதிவருகிறோம். அங்கே ரசனை கெட்டுப்போனதாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கிழவி சாட்சி. அவர்களுடைய ராத்திரி விலைக்குப் போய்விட்டது. எட்டு மணி நேரத்தை ஐந்தாகச் சுருக்குவது இந்த விலையைச் சுமந்துகொண்டே அவர்கள் செய்யும் ஏற்பாடு. அதில் ஒரு பரிதாபமும் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. அந்தப் பெண்களின் கூலியைக் குறைவாக மதித்து, மரபுக்காக விழித்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நகரத்துக்குக் கூத்து வரும்போது நடக்கும் சுருக்கம் வேறு ஜாதி. இங்கே ஒன்றரை மணி நேரத்தில் கர்ணன் பிறப்பைச் சொல்லி, விடைபெற்று, செத்து, மோட்சமும் அடைந்துவிடுகிறான். யாருக்கும் மறுநாள் கூலி போகப்போவதில்லை. அலுப்பு வரும் இடங்களை முன்கூட்டியே வெட்டிவிடுகிறோம். அலுப்புக்குப் பின்னால் வருவதும் அதோடு போய்விடுகிறது. மிச்சமிருப்பது கிறுகிறுப்பும் கண்ணாடி மினுமினுப்பும். அதைப் பார்த்துவிட்டு அற்புதம் என்கிறோம். 2007ல் சென்னை சங்கமம் கூத்தைப் பூங்காக்களுக்கும் தெருமுனைகளுக்கும் கொண்டுவந்தபோதும் இந்த அற்புதத்தைத் தாண்டி நாம் போகவில்லை. 2016ல் பாரிஸில் அரியான் ம்னூஷ்கினின் சூரிய நாடகக் குழு, புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் மாதக்கணக்கில் கற்று, திரௌபதியின் துயிலையும் கர்ணனின் சாவையும் தங்கள் நாடகத்துக்குள் தமிழிலேயே பாடி ஆடினார்கள். அவர்கள் ஆடியது கூத்தா என்று கேட்கலாம். ஆனால் ஒரு வரியைச் சரியாகப் பாடுவதற்கு நாள் கணக்கில் உட்கார்ந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. தமிழ் தெரிந்த நாம் அவ்வளவு நேரம் எங்கும் உட்கார்ந்ததில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கூத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானம் போட வேண்டாம். யாரைக் கேட்டு அதைக் காப்பாற்றுவது? அடுத்த கட்டுரைக்கு முன்னால் ஒரு முழு ராத்திரி உட்காரலாம். இரண்டாவது நான்காவது சனிக்கிழமை வங்கிக்கும் விடுமுறைதான். தூக்கம் வந்தால் தூங்கலாம். மோசமாக இருந்தால் மோசம் என்று, ஆடியவரின் பெயர் சொல்லி, எந்த விருத்தத்தில் எந்த இடத்தில் என்று எழுதலாம்; நன்றாக இருந்தால் எதனால் சந்தோஷம் வந்தது என்று எழுதலாம். போன வருஷத்துக் கர்ணனையும் இந்த வருஷத்துக் கர்ணனையும் ஒப்பிட்டு ஒரு பத்தி தமிழில் அச்சாகட்டும். அதைப் பத்து பேர் படித்தாலும் போதும். அந்தப் பத்து பேரில் ஒருவர் வேஷக்காரராக இருந்து, நீ சொன்னது தப்பு என்று எழுதினால், அன்றைக்குக் கூத்து விமர்சனம் என்று ஒன்று ஆரம்பித்ததாக வைத்துக்கொள்ளலாம்.